மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது

நவம்பர் 3, வெள்ளி

தாரணி ஹாஸ்டலுக்குப் போகும்போது இந்த நோட்டை மேசை மேலேயே விட்டுப் போய்விட்டாள். முதல் பக்கத்தில் அவள் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது. மீதியெல்லாம் வெள்ளை. போனில் கேட்டேன். "நீயே எழுதும்மா. ஊட்ல பேச ஆளில்லைன்னு பொலம்பறியல்ல" என்றாள்.

பேச ஆளில்லாமல் இல்லை. அவர் இருக்கிறார். மூன்றரை ஏக்கர் கரும்பு, ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர், நான். இந்த வரிசையில்தான் அவருக்குப் பேச்சு வரும்.

இன்று காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மேலே ஆடை படிந்துவிட்டது. மூன்று முறை கூப்பிட்டேன்.

"என்னங்க யோசனை?"

"ஒண்ணுமில்லெ."

தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 9, வியாழன்

தரிசுக் காட்டுக்குச் சோறு கொண்டு போனேன். உழுதுகொண்டிருந்த வண்டி பாதிச் சாலில் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வாயில் எதையோ மெல்லுவதுபோல மென்றுகொண்டு வரப்பைப் பார்த்தபடி இருந்தார். வாயில் ஒன்றுமில்லை. கிட்டே போய்த் தொட்டதும் திரும்பி, "நீ எப்ப வந்தே?" என்றார்.

காலையில் ஒரு இட்லிதான் சாப்பிட்டார். பசி மயக்கம்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

தாரணி வந்திருக்கிறாள். மூன்று பேரும் கோயிலுக்குக் கிளம்பினோம். நான் வழக்கம்போல டிராக்டர் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக என் இடம் அதுதான். வண்டி வாங்கிய புதிதில் அவரே பட்டறையில் சொல்லி ஒரு சின்ன இரும்பு இருக்கை செய்து, பஞ்சு வைத்துத் தைத்துப் போட்டுக் கொடுத்தார். "பொண்டாட்டிக்குச் சிம்மாசனமா, சென்னியப்பா?" என்று ஊரே கேலி செய்தது.

தாரணி ஏற மாட்டேன் என்றுவிட்டாள். "அப்பா, டிராக்டர்ல ஓட்டறவங்களைத் தவிர யாரும் உக்காரப்படாது. சட்டமே அப்படித்தான். உழுந்தா நேரா பின் சக்கரத்துக்கு அடியில."

"உங்கம்மா உழுந்தாளா இத்தன வருசத்துல?"

"உழுந்தப்பறம் சொல்றதுக்கு ஆளிருக்காதுப்பா."

அவள் டவுன் பஸ்ஸில் வந்தாள்.

நவம்பர் 20, திங்கள்

நாங்கள் இருவரும் தொழுவுரம் ஏற்றிக்கொண்டு வரும்போது வாய்க்கால் ரோட்டு வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது. வண்டி புளியமரத்தில் லேசாக உரசி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயந்திரம் சமைக்கவில்லை. மத்தியானச் சோறு இருந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

எனக்கு வலது தோள்பட்டை தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்தேன்.

நவம்பர் 22, புதன்

இன்னும் நான்கு நடை எரு இருக்கிறது என்று சாவியை எடுத்தார். மழை வரும்போலிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மழை வரவில்லை.

நவம்பர் 23, வியாழன்

இன்றும் மழை வரவில்லை. இன்றும் வேண்டாம் என்றேன். "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

நவம்பர் 29, புதன். கோவை

மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை மோட்டார் ரூம் வாசலில் விழுந்துவிட்டார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. நான் ஒரு பக்கமாகப் புரட்டிப் போட்டுத் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்துக் காட்டுக் குருநாதன் அண்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்து காரில் ஏற்றினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் பைக்கில் விழுந்தபோது தலையில் பட்ட அடி, உள்ளே ஒரு தழும்பாக இருக்கிறதாம். அதிலிருந்துதான் இந்த வலிப்பு என்கிறார் டாக்டரம்மா. நிதானமாகப் பேசுகிறார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கா? திடீர்னு வெறிச்சுப் பாக்கறது, கூப்பிட்டா திரும்பாம இருக்கறது?"

கட்டிலிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். "இல்லைங்க. இதுதான் முதல் தடவை" என்றேன்.

டிசம்பர் 1, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று. தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பிறகு மறுபடியும் படித்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

இன்று டாக்டரம்மாவிடம் மறுபடி காட்டப் போனோம். அவரை ரத்தம் எடுக்க அனுப்பியபோது, நான் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "போன தடவை பொய் சொல்லிட்டேனுங்க" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார். தூக்கம் போதவில்லை. பசி மயக்கம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாகப் பென்சிலில் ஒரு புள்ளி வைத்தார். இருபதாம் தேதிக்கு வந்ததும் விரல் நின்றது.

"நாய் என்ன நிறம்மா?"

நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். அப்புறம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"சொல்லுங்க. நான் சொல்றதை விட நீங்க சொன்னாத்தான் கேப்பார். கொறஞ்சது ஒரு வருஷம் பைக், டிராக்டர் எதுவும் கூடாது. ஒரு வருஷம் கழிச்சு நான் பாத்துச் சொல்றேன். அவருக்காக மட்டும் இல்லம்மா, ரோட்ல எதுக்க வர்றவங்களுக்காகவும்."

சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

"ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியப்படாது. குருநாதங்கிட்டயும் பித்த மயக்கம்னே சொல்லிப்போடு" என்றார். "தாரணிக்கு நாளைக்கு எடம் பாக்கோணும். அப்பனுக்கு வலிப்புன்னு ஒரு வார்த்தை போச்சுன்னா எவன் படியேறுவான்?"

"தாரணிகிட்டயாவது?"

"அவகிட்டயும்தான்."

"சரிங்க. ஆலைக்காரங்க கரும்புக்கு வெட்டு உத்தரவு குடுத்துட்டா லோடை யாருங்க ஓட்டறது?"

டிராக்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். சீசனில் இந்தப் பக்கம் ஒரு டிரைவரும் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும், வண்டியை வைத்துக்கொண்டு நீ ஏன் ஓட்டவில்லை என்ற கேள்வி வரும்.

"நான் ஓட்டறனுங்க" என்றேன்.

சிரித்தார். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு.

டிசம்பர் 14, வியாழன்

டவுனில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பது ஜெயசீலி என்கிற பெண். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும்.

"கார் ஓட்டத்தானேக்கா?"

"இல்ல கண்ணு. டிராக்டர். டிரெய்லரோட."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு விண்ணப்பத்தில் கார், டிராக்டர் இரண்டையும் எழுதினாள். "ரோட்டை என்னோட கார்ல கத்துக்குங்க. டிராக்டரை உங்க காட்டுக்குள்ள பழகுங்க. லைசென்ஸ் வராம டிராக்டரோட ரோட்டுக்கு வந்துராதீங்க, அதுல உங்க பக்கத்துல நான் உக்கார முடியாது" என்றாள்.

டிசம்பர் 18, திங்கள்

எல்.எல்.ஆர். பரீட்சை. கம்ப்யூட்டரில் படம் வந்தது, விரலால் தொட வேண்டும். ஒன்று தப்பு. பாஸ்.

தண்ணீர்க் குழாயடியில் சேதி பரவிவிட்டது. "ஏனக்கா, டிராக்டர் பழகப் போறியாமா? அடுத்தது ஏரோப்ளேனா?" என்றாள் ஒருத்தி. "புருசனை உக்கார வெச்சுட்டு இவ ஓட்டறாளாம்" என்றாள் இன்னொருத்தி. நான், "சின்ன வயசுலருந்தே ஒரு ஆசைதான்" என்றேன். எனக்கு அப்படி ஒரு ஆசை என்றைக்கும் இருந்ததில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் உள்ளே இருந்தார். கேட்டிருப்பார்.

டிசம்பர் 20, புதன்

அவரே காட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வண்டியில் ஏறுவதில்லை. வரப்பில் நின்று துண்டை ஆட்டுகிறார். துண்டு மேலே போனால் வா, கீழே வந்தால் நில்.

"கால்கிட்ட ரெண்டு பிரேக் இருக்குதல்ல, எதுக்கு ரெண்டு?"

"தெரியலீங்க."

"காட்டுக்குள்ள சட்டுனு திரும்பறதுக்கு ஒரு சக்கரத்தை மட்டும் புடிக்கோணும், அதுக்குத்தான் தனித்தனி. ரோட்டுக்கு ஏர்றதுக்கு முன்னால ரெண்டையும் சேத்துப் பூட்டிப்போடோணும். வேகத்துல போறப்ப ஒரு பக்கம் மட்டும் மிதிச்சீன்னா வண்டி அப்படியே கவுந்துரும். பூட்டு இதுதான். கையை வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். ஒரு சின்னக் கொக்கி. இருபத்திரண்டு வருடமாக அதற்கு நேர் மேலே உட்கார்ந்து வந்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

டிசம்பர் 23, சனி

ரிவர்ஸ்.

ஸ்டேரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. வலது பக்கம் ஒடித்தால் இடது. தெரிந்தும் கை கேட்க மாட்டேன் என்கிறது. இரண்டு வாழைமரம் போய்விட்டது.

"கண்ணு தெரியுதா உனக்கு?" என்று கத்தினார். நான் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டேன். சாயந்திரம் ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "காய் முத்திருச்சு. எப்படியும் வெட்டவேண்டியதுதான்" என்றார். காய் முற்றவே இல்லை.

டிசம்பர் 24

தொட்டிலாட்டுவதுபோல. கொஞ்சம் கொஞ்சமாக. நேராகப் போனது!

டிசம்பர் 30, சனி

ஜெயசீலியின் காரில் கோபி வரை போய் வந்தேன். எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்ததும் கை விறைத்துவிட்டது. அவளே பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினாள்.

"எதை நினைச்சு பயப்படறீங்கக்கா?"

எதிரில் வருகிறவர்களை நினைத்துத்தான் என்றேன்.

"நல்லது. அந்தப் பயம் போகவே வேண்டாம். கை மட்டும் விறைக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

ஜனவரி 4, வியாழன்

இரண்டு நாளாக அவர் டிரெய்லரோடு கிடக்கிறார். பின்னால் செத்துக் கிடந்த இரண்டு லைட்டுக்கும் ஒயர் மாற்றினார். பின்பக்கம் முழுக்கச் சிவப்பு ஒளிரும் பட்டை, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. வண்டியையும் டிரெய்லரையும் சேர்க்கும் பின்னுக்குப் புதுப் பூட்டு. பின் கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் இருக்க ஒரு சங்கிலி. டிரெய்லருக்கு என்று தனி நம்பர், தனி இன்சூரன்ஸ் உண்டு என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அது எப்போதோ முடிந்திருந்தது. போய்ப் புதுப்பித்து வந்தார்.

"இத்தன வருசம் நீங்க ஓட்டறப்ப இதெல்லாம் இல்லையேங்க" என்றேன்.

"அப்ப ஓட்டுனது நானு" என்றார்.

பொழுது சாய்ந்த பிறகு ரோட்டோரம் அரை பர்லாங் நடந்துபோய் அங்கிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "தெரியுது, தெரியுது" என்று சத்தம் மட்டும் கேட்டது.

ஜனவரி 9, செவ்வாய்

காலை 7.20. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார், கண் நிலைத்திருந்தது. ஒரு நிமிடம். பிறகு தெளிந்தார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மாலை மாத்திரையை அரை கூட்டச் சொன்னார்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. தாரணிக்கு நான் வண்டி பழகுவது தெரிந்துவிட்டது. ஒரே கொண்டாட்டம். வீடியோ எடுத்தாள். "அப்பா, நீங்களாப்பா அம்மாவுக்கு விட்டுக் கொடுத்தீங்க? நம்பவே முடியல" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் டிராக்டர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

ஜனவரி 16

சாயந்திரம் அவரே ஸ்பேனரை எடுத்து மட்கார்டிலிருந்து என் இருக்கையைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட், வர மறுத்தது. எண்ணெய் ஊற்றி, தட்டி, ஒரு மணி நேரம். "இனி இதுல யாரும் உக்காரப்படாது. நானும்தான்" என்றார்.

ஜனவரி 24, புதன்

எழுத வேண்டும்.

வெட்டு உத்தரவு முன்கூட்டியே வந்துவிட்டது. நேற்று முன்தினத்திலிருந்து ஆட்கள் வெட்டுகிறார்கள். எனக்கு லைசென்ஸ் டெஸ்ட் அடுத்த வாரம்தான். குருநாதன் அண்ணன் முதல் லோடை ஓட்டிப்போய்க் கொடுத்தார். இன்று அந்த அண்ணனின் மாமனார் தவறிவிட்டார் என்று பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். ஏற்றிய லோடு அப்படியே நிற்கிறது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் ஒவ்வொரு நாளும் எடை குறையும்.

பதினோரு மணிக்கு டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடினேன். அவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எறங்குங்க."

"ஒரே நடைதான் வாணி. பன்னண்டு கிலோமீட்டர். மாத்திரை போட்டிருக்கறன். மெதுவாப் போயிட்டு மெதுவா வந்தர்றன்."

"எறங்குங்கன்னு சொன்னேன்."

"ஆளுக பாக்கறாங்க. தள்ளு."

நான் முன்சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கரும்பு வெட்டும் ஆட்கள் தூரத்தில் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்ற வண்டியை நான் ஓட்டறதுக்கு உன்ற உத்தரவு வேணுமா? இருவத்தஞ்சு வருசம் ஓட்டியிருக்கறன். ஒருத்தன் மேல ஒரு கீறல் பட்டதில்லெ. அன்னைக்கு நாய்க்குக்கூட ஒண்ணும் ஆகலை. நீயுந்தான் கூட இருந்தே."

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது.

"நாய் வரலீங்க."

"என்ன?"

"அன்னைக்கு நாயே வரலீங்க."

அவர் இன்ஜினை நிறுத்தினார். நான் சொன்னேன். வாய்க்கால் ரோட்டு வளைவு இடது பக்கம் திரும்புகிறது. அவர் திருப்பவில்லை. வண்டி நேராக, வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். முன்னால் சீருடை போட்ட ஒரு சின்னப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், ஒதுங்க இடமில்லை. நான் கூப்பிட்டேன். அவர் ஒரு கையால் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். கண் திறந்துதான் இருந்தது. நான் மட்கார்டிலிருந்து குதித்தெழுந்து ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் இழுத்தேன். டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடியது. அந்தப் பெண் ஒரு முழம் இடைவெளியில் போய்விட்டாள். போகும்போது அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. புளியமரத்தில் உரசிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. "என்னாச்சு?" என்று கேட்டார். "நாய் வந்துச்சுங்க" என்றேன்.

"ஏன் அப்பவே சொல்லலெ?"

"உங்க முகத்தைப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

ஸ்டேரிங்கில் இருந்த கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல.

"அந்தப் புள்ளைக்கு எத்தனை வயசு இருக்கும்?"

"அஞ்சு இருக்குங்க."

இறங்கினார். இறங்கும்போது கால் தடுமாறியது. நான் பிடித்துக்கொண்டேன். வெட்டுகிற ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

லோடு அங்கேயே நிற்கிறது. காயட்டும்.

ஜனவரி 25

இரண்டு மாதம் அவரிடம் மறைத்தேன். நவம்பர் 22-ம் தேதி நான் மழை வரும் என்று சொல்லாமல் விட்டிருந்தால்? அவர் தனியாகப் போயிருந்தால்? அவர் முகம் வாடக்கூடாது என்று பார்த்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தை நினைக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 27, சனி

குருநாதன் அண்ணன் திரும்பி வந்து லோடைக் கொண்டுபோனார். எடை குறைந்துதான் இருந்தது. இவர் எடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதிக் கரும்புக்கு ஆலையில் பேசிப் பதினைந்து நாள் தள்ளி வாங்கிவிட்டு வந்தார். பஸ்ஸில் போய், பஸ்ஸில் வந்தார்.

பிப்ரவரி 2, வெள்ளி

டெஸ்ட். குருநாதன் அண்ணன் வண்டியை ஓட்டி வந்து தந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். டிரெய்லரை இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் தள்ளி நிறுத்தச் சொன்னார். தொட்டிலாட்டினேன். நிறுத்தினேன்.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"ஊட்டுக்காரருங்க."

பாஸ். ஜெயசீலி விசில் அடித்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலி டிரெய்லரோடு முதன்முதலாக ரோட்டுக்கு ஏறினேன். வாய்க்கால் ரோடு வழியாகத்தான். வளைவில் இடது ஓரத்தை ஒட்டி மெதுவாகத் திரும்பினேன். எதிரே யாரும் வரவில்லை. ஆனாலும் ஹாரன் அடித்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

நான் ஓட்டும் முதல் லோடு.

விடிந்ததும் அவர் வந்து கரும்புக் கட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்தில் பிதுங்கிய கரும்பையெல்லாம் வெட்டிவிடச் சொன்னார். "லோடு ஒசரம் போதும், எறக்கு ரெண்டு கட்டை" என்று ஆட்களோடு சண்டை போட்டார். டயரை உதைத்துப் பார்த்தார். நான் பிரேக் கொக்கியைப் பூட்டினேன். அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேட்டுல ஏர்றதுக்கு முந்தியே கியரைக் கொறச்சுக்கோ. எறக்கத்துல நியூட்ரல் பண்ணிராத. பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், எடம் வந்தாத்தான் விடோணும். அவனுக்கு அவசரம்னா அது அவன் பாடு."

"சரிங்க."

"போனு வந்தா எடுக்காதே. நான் கூப்பிட்டாலும் எடுக்காதே."

"நீங்க எதுக்குக் கூப்பிடறீங்க?"

"கூப்பிட மாட்டேன்."

எட்டரை மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க அவர் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் ரோட்டுக்கு ஏறினேன். பின்னால் அத்தனை பாரம் இழுப்பது முதுகில் தெரிகிறது. பிரேக் மிதித்தால் வண்டி உடனே நிற்பதில்லை, பாரம் பின்னாலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிவிட்டுத்தான் நிற்கிறது. அதனால் வெகு முன்னாலேயே மிதித்தேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலில் அவர் இருந்தார். கை ஆட்டவில்லை. கண்ணாடி, பின் லைட், கயிறு, சக்கரம் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஆலை வாசலில் காத்திருந்தார். எனக்கு ஒரு டீயும் வாங்கி வைத்திருந்தார், ஆறிப்போயிருந்தது.

எடை மேடைக்கு வரிசை நீளமாக நின்றது. எனக்கு முன் வண்டிக்காரர் ஒருவர், பவானிப் பக்கமாம், நாற்பது வயதிருக்கும், இறங்கி வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, அம்மா லோடு ஓட்டிக்கிட்டு வர்றாங்க, நீங்க பஸ்ஸுல வந்து டீ வாங்கித் தர்றீங்க? நல்லாருக்குதுங்க உங்க குடித்தனம்!"

சுற்றியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குப் பழக்கமாகிவிட்டது. "சின்ன வயசுலருந்தே எனக்கு ஒரு ஆச..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு வலிப்பு இருக்குதுங்க" என்றார் அவர்.

சிரிப்பு நின்றது.

"நவம்பர் மாசம் தெரிஞ்சுது. வைத்தியம் பாக்கறன். டாக்டர் வண்டி தொடப்படாதுன்னுட்டாங்க. அதனால இவ பழகிக்கிட்டா. ஆசைக்காக ஒண்ணும் பழகலீங்க, எனக்காகத்தான் பழகினா." கடையில் உரம் என்ன விலை என்று கேட்கிற குரல்தான்.

நான் டீயைப் பார்த்தபடி இருந்தேன். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். இன்னொருவரும் போனார். அந்தப் பவானிக்காரர் மட்டும் போகவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார்.

"என்ற தம்பிக்கும் இருக்குதுங்க" என்றார் மெதுவாக. "ரெண்டு வருசமா. லாரி ஓட்டறான். ஊட்ல நாங்க நாலு பேர்த்துக்குத்தான் தெரியும். சொன்னா வேலை போயிரும், பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு... தினமும் அவன் ஊடு திரும்பற வரைக்கும் எங்கம்மா வாசல்லயே நிக்குதுங்க."

இவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "வாணி, டாக்டரம்மா போன் நம்பர் உன்கிட்ட இருக்குதல்ல? எழுதிக் குடு" என்றார். அந்த மனிதரைத் தோளில் கை போட்டு வேப்பமர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நம்பரை எழுதினேன். நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொதல்ல நானும் ஏறி உக்காந்தவன்தானுங்க. இவ முன்னால வந்து நின்னுக்கிட்டா..."

வரிசை நகர்ந்தது. பவானிக்காரரின் வண்டி நகராமல் நின்றதால் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் போய் அவர்களிடம், "அவரு ஒரு முக்கியமான காரியமாப் பேசிக்கிட்டிருக்காருங்க, கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொறுத்தார்கள்.

பிப்ரவரி 13

சாயந்திரம் தாரணிக்கு அவரே போன் செய்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். உலையில் அரிசி போடும் வரைக்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. உலையை மூடிவிட்டு நான் எட்டிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி, மறுமுனையில் அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு, "உம், உம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கவில்லை.

நாளைக்கு இரண்டாவது லோடு.